மொழி வசமாவது எவ்வாறு? இப்னு கல்தூனின் ‘மலக்கா’ கோட்பாடு: ஒரு திறனாய்வு

வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டை ஒரு புறம், வீராணம் ஏரியை அடுத்த லால்பேட்டை மறுபுறம், இடையில் சிதம்பரம். மனிதன் மொழியை எவ்வாறு பெறுகிறான் என்னும் வினாவை எழுப்புவதற்கு இத்துணை வசதியான நிலப்பரப்பு தமிழகத்தில் அரிது. வைகறையில் நம் பள்ளிவாசல் மக்தபுகளில் ஐந்து வயதுக் குழந்தைகள் பொருள் அறியாத நிலையிலேயே திருமறையைப் பிழையற ஓதுகின்றனர். அரபுக் கல்லூரிகளில் இளைஞர்கள் நஹ்வும் ஸர்ஃபும் ஆண்டுக்கணக்கில் பயில்கின்றனர். சிதம்பரத்தில் தீட்சிதர் குடும்பத்துச் சிறுவர்கள் வேதத்தை ஒலி பிறழாமல் மனனம் செய்கின்றனர். ஊரின் கிழக்கே அண்ணாமலை நகரில், 1929இல் தோன்றிய பல்கலைக்கழகத்தில், தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரும் ச. அகத்தியலிங்கமும் பணியாற்றிய மொழியியல் துறை இதே வினாவை வேறொரு நோக்கில் அணுகிற்று. இவற்றையெல்லாம் எட்ட நின்று பார்ப்பவர் போல வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கிறார். அவர் எந்த மதரஸாவிலும் பயின்றவர் அல்லர். ஆயினும் அரபு முதலாளியிடம் தொலைபேசியில் தயக்கமின்றிப் பேசுகிறார். அருகிலிருக்கும் ஏழாண்டு பயின்ற மௌலவி அவ்வாறு பேசத் தயங்குகிறார்.

இந்தத் தயக்கத்தின் காரணத்தை ஆராய்ந்தவர் நமக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தார். கி.பி. 1332இல் தூனிஸில் பிறந்து 1406இல் கெய்ரோவில் மறைந்த இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களை நம்மவர் வரலாற்றியல் அறிஞராகவும் சமூகவியலின் முன்னோடியாகவும் போற்றுகின்றனர். ‘அஸபிய்யா’ என்னும் சொல்லை மேடைகளில் எடுத்தாளாத பேச்சாளர் இல்லை. 1377இல் அவர் எழுதிய முகத்திமாவின் ஆறாம் இயலில் இறுதிப் பகுதிகள் மட்டும் அதிகம் படிக்கப்படுவதில்லை. கல்வி முறை, இலக்கணம், கவிதை, மொழித்திறன் ஆகியவை பற்றி அவர் பேசுவது அங்கேதான். அரபு கற்பிக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கொரு முறை படிக்க வேண்டிய பக்கங்கள் அவை என்பது என் எண்ணம். அவற்றை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதன்று. அவற்றுள் ஓரிடத்தில் அவர் தம்மையே மறுக்கிறார். அவ்விடத்தில்தான் நமக்கான பாடம் உள்ளது.

முதலில் அவருடைய மையச் சொல்லைப் பார்ப்போம். மொழி ஒரு ‘மலக்கா’ என்கிறார். முகத்திமாவை மூன்று தொகுதிகளாக 1958இல் ஆங்கிலத்தில் பெயர்த்த ஃபிரான்ஸ் ரோசன்தால் இச்சொல்லுக்குப் ‘பழக்கம்’ என்று பொருள்படும் சொல்லையே பெரும்பாலும் இட்டார். அப்பெயர்ப்பு வெளிவந்த காலம் கவனிக்கத்தக்கது. மொழி என்பது தூண்டலுக்கும் மறுவினைக்கும் இடையே ஏற்படும் பழக்கமே என்று அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் நூல் எழுதியது 1957இல். இப்னு கல்தூனை ஆங்கில வழி படித்த பலரும் அவரை ஸ்கின்னரின் மூதாதையாகக் கருதிவிட்டனர். தமிழிலும் ‘பழக்கம்’, ‘பயிற்சி’ என்றே எழுதி வருகிறோம். ‘மலக்கா’ என்னும் சொல்லின் வேர் உடைமையையும் ஆட்சியையும் குறிப்பது. ‘மாலிக்’, ‘மில்க்’ எல்லாம் அவ்வேரில் தோன்றியவையே. மெய்யியலாரின் வழக்கில் அது உள்ளத்தில் வேரூன்றி நீங்காது நிற்கும் பண்பைக் குறிக்கும். ஒரு செயலை ஒருமுறை செய்தால் உள்ளத்தில் ஒரு தன்மை பதிகிறது. திரும்பத் திரும்பச் செய்தால் அத்தன்மை ‘ஹால்’ எனப்படும் நிலையற்ற நிலையாகிறது. மேலும் தொடர்ந்தால் அது உறுதிப்பட்டு ‘மலக்கா’ ஆகிறது. இதுவே அவர் கூறும் படிமுறை. தமிழில் ‘கைவசம்’, ‘வசப்படுதல்’ என்னும் சொற்கள் இக்கருத்துக்கு மிக அண்மையில் நிற்கின்றன. பழக்கம் என்பது செய்து பழகியது. வசம் என்பது தன் உடைமையாகியது. மொழி பழகியவன் கேட்டதைத் திருப்பிச் சொல்வான், மொழி வசமானவனோ கேளாததையும் சொல்வான்.

இந்த வேறுபாட்டை இருபதாம் நூற்றாண்டில் வன்மையாக எடுத்துரைத்தவர் நோம் சோம்ஸ்கி. ஸ்கின்னரின் நூலுக்கு 1959இல் அவர் எழுதிய மதிப்புரை மொழியியலின் போக்கையே மாற்றியது. இங்கே ஒரு சுவையான செய்தி. சோம்ஸ்கி பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது ரோசன்தாலிடம் அரபு பயின்றார். நம் மதரஸா மாணவர் முதல் ஆண்டுகளில் ஓதும் அதே ‘ஆஜுர்ரூமிய்யா’வை அவரிடம் படித்ததாகப் பின்னாளில் ஓர் அரபு மொழியியலாளருக்கு அளித்த பேட்டியில் நினைவுகூர்ந்திருக்கிறார். முகத்திமாவை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் சோம்ஸ்கிக்கு அரபு இலக்கணம் கற்பித்தவரும் ஒருவரே.

சோம்ஸ்கியின் வாதத்தை அறிய மாசாசூசெட்ஸுக்குச் செல்ல வேண்டியதில்லை, நம் வீட்டுக் குழந்தையே போதும். மூன்று வயதுத் தமிழ்க் குழந்தை ‘எனக்குப் பசிக்கிறது’ என்கிறது. ‘நான் சாப்பிடுகிறேன்’, ‘நான் வருகிறேன்’, ‘நான் தூங்குகிறேன்’ என்று நாள்தோறும் கேட்டு வளரும் அக்குழந்தை ‘நான் பசிக்கிறேன்’ என்று சொல்லாதது ஏன்? பசி, தாகம், வலி, குளிர் ஆகியவற்றை உணர்பவர் நான்காம் வேற்றுமை ஏற்பார் என்று எந்தத் தாயும் குழந்தைக்குச் சொல்லித் தந்ததில்லை. பெரும்பாலான தாய்மாருக்கே அவ்விதி தெரியாது. தமிழ்க் குழந்தைகள் வேற்றுமை உருபுகளையும் வினை விகுதிகளையும் மிக இளம் வயதிலேயே, மிகக் குறைந்த பிழையுடன் கையாள்வதை மொழியியலார் பதிவு செய்துள்ளனர். கடலூரில் தக்கனி உருது பேசும் குடும்பங்களில் நான்கு வயதுக் குழந்தை பாட்டியிடம் ஒரு மொழியிலும் கடைக்காரரிடம் வேறொரு மொழியிலும் பேசுவதை நாம் வியப்பின்றிப் பார்க்கிறோம். ஒன்றின் இலக்கணம் மற்றொன்றில் கலந்து குழம்பிவிடுவதில்லை. குழந்தை கேட்டதைச் சேர்த்து வைக்கும் பெட்டி அன்று. கேட்டவற்றினின்று விதியை வடித்தெடுக்கும் ஆற்றல் அதற்குப் படைப்பிலேயே அருளப்பட்டிருக்கிறது.

இப்னு கல்தூன் இவ்வாற்றலைப் பற்றி விரிவாகப் பேசவில்லை. அது அவருடைய குறை. திரும்பச் செய்தல் மலக்காவை உண்டாக்கும் என்றவர், திரும்பக் கேட்கும் கிளி ஏன் மலக்கா பெறவில்லை என்று வினவவில்லை. அவருக்கு முந்தியவரான இப்னு ஜின்னி (மறைவு: கி.பி. 1002) இவ்வகையில் ஓரடி முன் நிற்கிறார். ஆதம் (அலை) அவர்களுக்கு இறைவன் பெயர்கள் அனைத்தையும் கற்பித்தான் என்னும் ஸூரத்துல் பகராவின் செய்தியை எடுத்துக்கொண்டு, மொழி இறைவனால் சொல் சொல்லாக அறிவிக்கப்பட்டதா, மனிதர் கூடி வகுத்துக்கொண்டதா என்னும் பழைய விவாதத்தை ‘அல்கஸாயிஸ்’ நூலில் அவர் ஆராய்கிறார். பெயரிடும் ஆற்றலை ஆதமுக்கு இறைவன் வழங்கினான் என்றும் அதற்குப் பொருள் கொள்ள இடமுண்டு என்கிறார். சொற்பட்டியல் கொடுக்கப்பட்டதா, சொல்லாக்கும் திறன் கொடுக்கப்பட்டதா என்பது அவர் எழுப்பிய வினா. சோம்ஸ்கியின் மாணவர்களும் எதிரிகளும் இன்றளவும் வாதிடுவது ஏறத்தாழ இதனையே. எதிரணியில் மைக்கேல் டோமசெல்லோ போன்றோர், குழந்தைக்கு இயற்கையில் அமைந்தது இலக்கணம் அன்று, பிறர் எதைக் கருதிப் பேசுகிறார் என்று ஊகிக்கும் திறனே என்கின்றனர். இவ்விரு சாராருள் யார் வென்றார் என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் பணியன்று. ஆயினும் இரு சாராரும் உடன்படும் ஓர் உண்மை உண்டு. பொருள் விளங்கும் சூழலில் கேட்கப்படும் பேச்சே மொழியாக விளையும் என்பதே அது. இதை நினைவில் இருத்திக்கொண்டு இப்னு கல்தூனிடம் மீள்வோம்.

அவருடைய இரண்டாவது கருத்து நம்மை நேரடியாகத் தாக்குவது. மொழி வசமாவது வேறு, மொழியின் விதிகளை அறிவது வேறு என்கிறார். இலக்கண அறிஞரை அவர் ஊசியும் நூலும் தொடாத தையல் அறிஞருக்கு ஒப்பிடுகிறார். ஊசிக்காதில் நூல் கோப்பது, துணியின் இரு ஓரங்களைச் சேர்த்துக் குத்துவது, எதிர்ப்புறம் இழுப்பது என்று எல்லாவற்றையும் அவர் சொல்வார். செய்து காட்டும்படி கேட்டால் ஒன்றும் ஓடாது. தச்சுத் தொழிலைப் பற்றியும் இதே போன்றதோர் உவமை தருகிறார். இலக்கணத்தின் நுட்பங்களில் கரைகண்ட பலர், நண்பருக்கோ உறவினருக்கோ இரண்டு வரிக் கடிதம் எழுதச் சொன்னால் பிழை மலிய எழுதுகின்றனர் என்றும், இலக்கண வேற்றுமை ஒன்றும் அறியாத சிலர் உரைநடையிலும் கவிதையிலும் சிறந்து விளங்குகின்றனர் என்றும் கூறுகிறார். பதினான்காம் நூற்றாண்டின் மக்ரிபைப் பற்றிய இச்சொற்கள் நம் ஊரைப் பற்றி எழுதப்பட்டவை போல் இருக்கின்றன. அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் கிராஷென் 1980களில் ‘மொழியைப் பெறுதல்’ என்றும் ‘மொழியைக் கற்றல்’ என்றும் பிரித்துக் காட்டிப் புகழ்பெற்றார். முகத்திமா படித்தவர்க்கு அது பழைய செய்தி.

ஆயினும் இலக்கண நூல்கள் எல்லாவற்றையும் இப்னு கல்தூன் ஒரே தட்டில் வைப்பதில்லை. ஸீபவைஹியின் ‘அல்கிதாப்’ நூலை அவர் விலக்கி நிறுத்திப் பாராட்டுகிறார். விதிகளோடு அரபுக் கவிதையும் பழமொழியும் வழக்காறும் அதில் நிறைந்திருப்பதால், அதைப் படிப்பவர் தம்மை அறியாமலேயே மொழியின் ஒரு பகுதியை வசப்படுத்திக்கொள்கிறார் என்கிறார். பிற்காலத்தார் இந்தச் சதையை நீக்கி எலும்பை மட்டும் வைத்தனர். ஆஜுர்ரூமிய்யா அத்தகைய எலும்புகளுள் மிக நேர்த்தியானது. பெர்பர் வழித்தோன்றலான இப்னு ஆஜுர்ரூம் (மறைவு: கி.பி. 1323) எழுதிய அச்சிறு நூலின் சுருக்கமும் தெளிவும் போற்றத்தக்கவை. ஃபாஸ் நகரத்து மாணவன் அதைத் திறக்கும்போது தெருவிலும் பள்ளியிலும் அரபைக் கேட்டவனாகவே இருந்தான். தான் நடமாடும் ஊரின் வரைபடம் அவனுக்கு அது. நம் மாணவனுக்கோ ஊரைக் காணும் முன்பே வரைபடம் தரப்படுகிறது. ஸைது அம்ரை அடித்தார் என்னும் எடுத்துக்காட்டு ஒன்றையே அவன் ஆண்டுக்கணக்கில் கேட்கிறான். ஏன் அடித்தார் என்று கேட்க அவனுக்குத் தோன்றுவதில்லை, அடித்ததாகவே அவன் மனம் ஏற்காததால்.

இனி நான் இப்னு கல்தூனோடு மாறுபடும் இடம். மக்ரிப் நாட்டார் குழந்தைகளுக்குத் திருக்குர்ஆனை மட்டுமே கற்பித்ததால் அவர்கள் மொழித்திறன் குன்றியவர்களாயினர் என்கிறார். அதற்கு அவர் கூறும் காரணம், குர்ஆனைப் போன்றதொன்றை மனிதரால் கொண்டுவர இயலாது. ஆகவே அதன் நடையைப் பின்பற்றி எழுதும் திறனும் அதிலிருந்து வாராது என்பது. கேட்பதற்கு மரியாதை மிக்க வாதம். ஆனால் அதே இயலில் வேறோரிடத்தில், இஸ்லாமியக் காலத்துக் கவிஞரும் எழுத்தாளரும் அறியாமைக் காலத்தவரைவிடச் சொல்வன்மையில் உயர்ந்து நின்றதற்குக் காரணம், மனிதரால் இயற்ற இயலாத குர்ஆனையும் நபிமொழியையும் அவர்கள் செவியுற்று அவை உள்ளத்தில் ஊறியமையே என்கிறார். ஹஸ்ஸான் (ரலி), ஜரீர், ஃபரஸ்தக் போன்றோரை எடுத்துக்காட்டுகிறார். ஒரே திருமறை ஒரு சாராரின் நாவை உயர்த்தியும் மறு சாராரின் நாவை உயர்த்தாமலும் விட்டது எவ்வாறு? அதன் ஒப்பின்மை இருவருக்கும் பொதுவானது. அது காரணமாக முடியாது. வேறுபாடு கேட்டவரிடத்தில் இருந்தது. ஹஸ்ஸான் கேட்டபோது பொருளோடு கேட்டார். மக்ரிபின் பெர்பர்ச் சிறுவன் ஒலியாகக் கேட்டான்.

இதைச் சோதிக்க நம்மூரிலேயே வாய்ப்புண்டு. சிதம்பரத்தில் வேதம் பயிலும் சிறுவனுக்கும் ஒலியைக் காப்பதே முதற்பணி. பொருள் ஆராய்வது வேறொரு கல்வி. பல்லாயிரம் வரிகள் நெஞ்சில் இருந்தும் அதனாலேயே அவன் சமஸ்கிருதம் பேசுபவன் ஆகிவிடுவதில்லை. அதே கோயிலில் தேவாரம் ஓதுபவருக்கு ஓதுவது தாய்மொழி. ஓதியது அவர் பேச்சில் கசிகிறது. உவமையாகவும் சொல்லாட்சியாகவும் வெளிப்படுகிறது. மனனம் என்னும் செயல் இருவருக்கும் ஒன்றே. ஆகவே மனனத்தைப் பழிப்பதும் தவறு, மனனமே மொழியைத் தரும் என்று காத்திருப்பதும் தவறு.

மக்தபுக் கல்வியை இழித்துரைப்பதாக யாரும் இதைக் கொள்ள வேண்டாம். ஓதுதல் தன்னளவிலேயே வணக்கம். அது மொழிப் பாடத்துக்கான கருவி அன்று. அன்றியும் மக்தபு ஒரு பெரும் மொழிப்பணியைச் செய்து முடிக்கிறது. பிறந்த குழந்தை உலகின் எம்மொழி ஒலியையும் பிரித்தறியும் என்றும், ஏறத்தாழ ஓராண்டு நிறையும்போது தன்னைச் சூழ்ந்த மொழியில் இல்லாத ஒலி வேறுபாடுகளில் அதன் செவி மந்தமாகிவிடும் என்றும் ஜேனட் வெர்க்கர் முதலானோரின் 1984ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. மூடிய அக்கதவை நம் உஸ்தாதுகள் ஐந்து வயதில் மீண்டும் திறக்கின்றனர். ஸீனையும் ஸாதையும், இரண்டு ஹாக்களையும் பரங்கிப்பேட்டைச் சிறுவன் வேறுபடுத்திச் சொல்கிறான். மக்ரஜுகளின் பட்டியலை அவன் படித்ததில்லை. உஸ்தாதின் வாயைப் பார்த்தே கற்றான். ஒலியளவில் அவனுக்கு மலக்கா வாய்த்துவிட்டது. திறந்த வாசலில் அவனை நிறுத்திவிட்டு நாம் போய்விடுகிறோம் என்பதே என் குறை.

தேநீர்க் கடையில் விட்டுவந்த வளைகுடா நண்பரைக் காண்போம். அவருக்குக் கிடைத்தது முழுக்க முழுக்கப் பொருள் விளங்கும் பேச்சு. இதைத் தூக்கு, அங்கே வை, நாளை வா. பிழைப்பு அதில் அடங்கியிருந்ததால் செவி கூர்மையாயிற்று. ஆயினும் அவர் பேசும் அரபு எத்தகையது? ‘அன ரூஹ், இன்த்த ரூஹ், ஹுவ ரூஹ்’ என்று தன்மை முன்னிலை படர்க்கை அனைத்துக்கும் ஒரே வினைவடிவம். எதிர்மறைக்கெல்லாம் ‘மாஃபீ’. தெற்காசியத் தொழிலாளரும் அரபு முதலாளியரும் தமக்குள் உருவாக்கிக்கொண்ட இக்கலப்பு மொழியை 1990 முதல் மொழியியலார் ஆராய்ந்து வருகின்றனர். படித்தவர் நகைப்பர். இப்னு கல்தூன் நகைக்கமாட்டார் என்று நினைக்கிறேன். தம் காலத்து நாடோடி அரபியர் இஃராபை இழந்துவிட்டனர், ஆகவே அவர்கள் பேச்சு கெட்டுப்போன பேச்சு என்று இலக்கணிகள் இகழ்ந்தபோது, சொல்வரிசையாலும் சூழலாலும் அவர்கள் கருத்தை நிறைவாக உணர்த்துகின்றனரே என்று வாதிட்டவர் அவர். ஆனால் அந்த நாடோடியர் தாய்மடியில் மொழி பெற்றவர்கள். நம் நண்பர் வளர்ந்தபின், அதுவும் சுருக்கிப் பேசப்பட்ட அரபை மட்டும் கேட்டவர். மொழி எளிதில் வேரூன்றும் பருவம் ஒன்று உண்டென எரிக் லென்னபெர்க் 1967இல் விரித்துரைத்தார். அப்பருவத்தின் எல்லை எது என்பதில் வாதங்கள் உண்டு. குழந்தைப் பருவம் அதனுள் அடங்கும் என்பதில் ஐயம் கொள்வோர் குறைவு.

நம் நோக்கம் அரபியில் உரையாடுவதன்று, ஃபிக்ஹு நூல்களைப் படித்து விளங்குவதே. ஆகவே இவ்வாதம் நமக்குப் பொருந்தாது என்பார் சிலர். மூத்த உஸ்தாதுகள் பலர் இதை மனமாரக் கூறுவர். இதற்கு விடை கூறாமல் செல்ல முடியாது. படித்து விளங்குதல் என்பது என்ன? உயிர்க்குறியில்லாத அரபு வரியைச் சரியாக வாசிக்க வேண்டுமானால் அதன் பொருளை முன்னரே உணர்ந்திருக்க வேண்டும். மூன்று மெய்யெழுத்து கண்ணில் படுகிறது. அது வினையா, பெயரா, செய்வினையா, செயப்பாட்டு வினையா என்பதை வரி முடியும் முன்பே மனம் முடிவு செய்கிறது. உஸ்தாதின் முன் அமர்ந்து மாணவன் ‘இபாரத்’ வாசிக்கும் நம் மரபு இவ்வகையில் மிக நுட்பமான சோதனை. ஒரு ஹரகத் தவறினால் விளங்காமை வெளிப்பட்டுவிடும். இதற்கு நிகரான தேர்வுமுறை இன்றைய பல்கலைக்கழகங்களில் இல்லை. ஆனால் அடுத்த நொடியே சொல்லுக்குச் சொல் தமிழ்ப்படுத்தத் தொடங்கும்போது, பெற்றதை இழந்துவிடுகிறோம். வினையில் தொடங்கும் அரபு வாக்கியத்தை வினையில் முடியும் தமிழில் சொற்சொல்லாக அடுக்கினால் அது இரண்டு மொழியும் ஆகாது. அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி (மறைவு: கி.பி. 1078) ‘தலாயிலுல் இஃஜாஸ்’ முழுவதிலும் வலியுறுத்தியது இதைத்தான். சொற்களில் சிறப்பில்லை, சொற்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் ‘நள்ம்’ என்னும் கோவையில்தான் பொருளும் அழகும் உள்ளன என்றார். நூஹ் (அலை) அவர்களின் வெள்ளம் வடியும்படி பூமிக்கும் வானுக்கும் கட்டளை பிறந்த ஹூது ஸூராவின் ஆயத்தை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு சொல்லையும் தனியே பிரித்தால் சிறப்பு எங்கே போகிறது என்று வினவினார். ஜுர்ஜானியைப் பாடமாக வைத்துவிட்டு அவரையே சொற்சொல்லாகப் பெயர்ப்பது நகைமுரண்.

விளங்குதலைக் கடந்தால் ஆக்குதல். கவிதை இயற்ற விரும்புபவன் நல்ல கவிதைகளை ஏராளமாக மனனம் செய்ய வேண்டும், பின்னர் அவற்றை மறந்துவிட வேண்டும் என்கிறார் இப்னு கல்தூன். வரிகள் அழிந்தபின் அவற்றின் வார்ப்பு மட்டும் நெசவாளியின் தறி போல உள்ளத்தில் நிற்கும், புதிய துணியை அதில் நெய்யலாம் என்பது அவர் கருத்து. தம் அனுபவத்தையே சான்று காட்டுகிறார். கிரனாடாவின் அமைச்சரும் பெரும்புலவருமான லிஸானுத்தீன் இப்னுல் கதீபிடம் ஒருநாள், கவிதை எழுத முற்படும்போது தமக்குத் தடை ஏற்படுவதாகக் கூறினாராம். கிராஅத் பற்றிய ஷாத்திபியின் செய்யுள் நூல்களையும், இப்னுல் ஹாஜிபின் ஃபிக்ஹு, உஸூல் நூல்களையும், கூனஜியின் தர்க்க நூலையும் இளமையில் நெஞ்சில் ஏற்றியதே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றாராம். அமைச்சர் வியந்து பாராட்டினாராம். பாட நூல்களின் நடையை உட்கொண்ட நெஞ்சம் பாடநூல் நடையையே வெளியிடும். நம் மௌலவிகள் எழுதும் அரபுக் கடிதங்கள் ஏன் ஃபத்வா போல் இருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் இல்லை.

இந்தத் தறிக் கருத்துக்கு எதிர்பாராத துணை ஒன்று அண்மையில் கிடைத்திருக்கிறது. 2022 முதல் பொதுமக்கள் கைக்கு வந்துள்ள செயற்கை நுண்ணறிவு உரையாடிகளுக்கு இலக்கண விதிகளை எவரும் எழுதித் தரவில்லை. பல லட்சம் கோடிச் சொற்களைப் படித்து, பெரும்பாலும் வரிகளை விட்டு வார்ப்பை வைத்துக்கொண்டே அவை எழுதுகின்றன. இப்னு கல்தூன் கண்டால் மகிழ்ந்திருப்பார். ஆயினும் பத்து வயதுக் குழந்தை அதுவரை கேட்டது சில கோடிச் சொற்களே. அத்துணைக் குறைவான கேள்வியிலிருந்து அத்துணை நிறைவான மொழி பிறப்பதன் விந்தை அப்படியே இருக்கிறது.

நடைமுறைக்கு வருவோம். மக்ரிபின் மதரஸாக்களில் மாணவர் தங்கிப் பயில வேண்டிய காலம் பதினாறு ஆண்டுகள், தூனிஸிலோ ஐந்தே ஆண்டுகள் என்று இப்னு கல்தூன் ஒப்பிடுகிறார். பதினாறு ஆண்டுகள் தேவைப்பட்டதற்குக் காரணம் மாணவர் வாய் திறவாமல் அமர்ந்து மனனம் செய்ததே. விவாதத்தில் நாவை அவிழ்த்துவிடுவதே அறிவை வசமாக்கும் குறுக்கு வழி என்கிறார். பவணந்தி முனிவரின் நன்னூல் பொதுப்பாயிரத்தில் ஏறத்தாழ இதே கணக்கைக் காணலாம். ஆசிரியரிடம் எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால். எஞ்சிய பாதி தானே பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் கைகூடும் என்று அந்நூல் வகுக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சமண முனிவரும் பதினான்காம் நூற்றாண்டு மாலிக்கி காஜியும் ஒருவரை ஒருவர் அறியாமல் சந்திக்கும் இடம் இது. நம் வகுப்புகளில் அந்தப் பின்பாதிக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குகிறோம்? பேச்சுத் தமிழ் கொச்சையென்று ஒதுக்கப்பட்ட காலத்தில் அதைப் பாடநூலாக்கி 1960களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. மு. சண்முகம் பிள்ளை எழுதிய அந்நூல், தமிழைப் புதிதாகக் கற்போர் முதலில் பேச்சைக் கேட்க வேண்டும் என்னும் துணிவில் பிறந்தது. சிதம்பரத்தில் தமிழுக்குச் செய்யப்பட்டதை அதன் சுற்றுவட்டாரத்தில் அரபுக்குச் செய்ய இயலாதா?

அந்தலூசியாவில் குர்ஆனோடு கவிதையையும் கடித இலக்கியத்தையும் சேர்த்தே கற்பித்தனர் என்று இப்னு கல்தூன் மெச்சுகிறார். காஜி அபூபக்ர் இப்னுல் அரபி (ரஹ்) இன்னும் ஒருபடி மேலே சென்று, முதலில் மொழியும் கவிதையும் கணக்கும், அதன்பின் குர்ஆன் என்று முறையையே மாற்றச் சொன்னார். நல்ல யோசனைதான், ஆனால் வழக்கம் இதற்கு இடம் தராது என்று இப்னு கல்தூன் பின்வாங்குகிறார். பிள்ளை படிப்பை இடையில் விட்டுவிட்டால் குர்ஆனும் இல்லாமல் போய்விடுமே என்னும் பெற்றோரின் அச்சம் நியாயமானது என்கிறார். அவ்வச்சம் இன்றும் நியாயமானதே. ஆதலால் முறையைத் தலைகீழாக்க வேண்டியதில்லை. ஓதலின் ஊடே, ஓதும் சொற்களில் சிலவற்றையேனும் குழந்தையின் கண்முன் இருக்கும் பொருள்களோடு இணைத்து உஸ்தாது நாள்தோறும் சில நிமிடம் அரபியில் பேசினால் மக்தபின் ஒழுங்கு குலையாது. கல்லூரியில் முதலாண்டு மாணவன் இலக்கணத்தோடு கதையும் படிக்கலாம்.

எந்தக் கதை என்று கேட்டால் என் பரிந்துரை ‘கலீலா வ திம்னா’. பாரசீக மரபில் பிறந்து அரபை வசப்படுத்திய இப்னுல் முகஃப்பா எட்டாம் நூற்றாண்டில் பெயர்த்த அந்நூல் அரபு உரைநடைக்கே வார்ப்பாக அமைந்தது. அதன் மூலமோ நம் பஞ்சதந்திரம். சிங்கமும் எருதும் நட்பாகிப் பின் பகையானதும், காகமும் எலியும் ஆமையும் மானும் ஒன்றையொன்று வலையிலிருந்து காத்ததும் தமிழ்ச் சிறுவன் தொடக்கப்பள்ளியிலேயே கேட்டவை. பொருள் அவனுக்கு முன்னரே தெரியும். மொழி மட்டுமே புதிது. வகுப்பில் பாதி நேரம் அவனே அதை அரபியில் தோழருக்குச் சொல்லிக் காட்டட்டும். பிழையோடு சொல்லட்டும். இஃராப் தவறும் இடத்தில் ஆஜுர்ரூமிய்யாவைத் திறக்கலாம்.